கதவைத் தட்டும் கைகள்

பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சென்று வந்தவர்கள் அறிவர். கொல்லிமலை அடிவாரத்திலே கூடும் அந்த வாரச் சந்தையில், ஆண்டுச் செலவுக்கென்று மல்லியும் மிளகும் சீரகமும் கடுகும் வாங்க வருகிற தாய்மார்கள், விற்பவர் சொல்லை மட்டும் நம்பி மூட்டை கட்டிக்கொண்டு போவதில்லை. மல்லியை உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார்கள், முகர்வார்கள். மிளகை வாயிலே போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். மண் கலந்ததா, சென்ற ஆண்டுச் சரக்கா என்பதை நாவும் மூக்கும் சொன்ன பிறகே விலை பேசத் தொடங்குவார்கள். ஏமாற்ற முடியாத கண்கள் அவை.

அந்தக் கண்களுக்கும் தப்பிவிடக்கூடிய சரக்கொன்று இன்று நாட்டிலே நடமாடுகிறது. 2024 பிப்ரவரியில், டெல்லியிலே, மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் 50 கிலோ சூடோஎபெட்ரின் என்னும் வேதிப்பொருளைக் கைப்பற்றினர். தேங்காய்ப் பொடி என்றும் சத்துமாவு என்றும் பெயர் சூட்டி, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்புவதற்கான ஏற்பாடு அது என்று அதிகாரிகள் கூறினர். மூக்கடைப்புக்கு மருத்துவர் தரும் மாத்திரையிலே சேர்கிற பொருள்தான் சூடோஎபெட்ரின். ஆனால் அதனைக் காய்ச்சி உருமாற்றினால் கிடைப்பது மெத்தபெட்டமைன் என்னும் கொடிய போதைப்பொருள். ‘ஐஸ்’ என்றும் ‘கிரிஸ்டல்’ என்றும் தெருவிலே அதற்குச் செல்லப் பெயர்கள்!

அந்த வழக்கிலே கைது செய்யப்பட்டவர், தமிழகத்து அரசியல் கட்சியொன்றில் பொறுப்பு வகித்தவர். பெயர் வெளிவந்த பிறகு நீக்கப்பட்டவர். குற்றம் உண்டா இல்லையா என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை. அதிலே நாம் தலையிட வேண்டியதில்லை. எந்தக் கட்சி என்ற கேள்வியும் இங்கே நமக்குத் தேவையில்லை. கட்சிப் பொறுப்பு என்ற ஒன்று, இத்தகைய வாணிகம் செய்ய நினைப்பவர் எவருக்கும் விரும்பத்தக்க மேலாடையாகத் தோன்றுகிறதே, ஏன்? அந்தக் கேள்வியைத்தான் நம் தோழர்கள் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டும். இதனை மீண்டும் கடைசியிலே பேசுவோம்.

பேளுக்குறிச்சியிலே இந்தப் போதை பரவிவிட்டது, கொல்லிமலை அழிகிறது என்று கூக்குரல் எழுப்ப இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களிலே மெத்தபெட்டமைன் வகையைச் சேர்ந்த ஊக்கிப் பொருள்களைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 0.18 பேர், அதாவது ஆயிரம் பேருக்கு இருவர்கூட இல்லை. மது அருந்துவோரோ நூற்றுக்கு 14.6 பேர். சாராயமும் கஞ்சாவும் வலி மாத்திரைகளும் நம் சிற்றூர்களிலே செய்துவருகிற கேட்டுக்கு முன்னே, இந்த வெள்ளைப் படிகம் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிற விருந்தாளிதான்.

வெளியே நிற்கிறது என்பதாலேயே இப்போது பேசுகிறோம். 2024 மார்ச் தொடக்கத்திலே சென்னையிலிருந்து தெற்கே சென்ற ரயிலில், மதுரை நிலையத்திலே 30 கிலோ மெத்தபெட்டமைன் பிடிபட்டது. அதே ஆண்டு அக்டோபரிலே சென்னை கொடுங்கையூரில், படித்த இளைஞர்கள் சிலர் வீட்டுக்குள்ளேயே அதனைக் காய்ச்ச முயன்றதாகக் கைதாயினர். நவம்பரிலே அந்தமான் கடலில், மியான்மரைச் சேர்ந்த மீன்பிடி படகொன்றைக் கடலோரக் காவற்படையினர் மடக்கியபோது, உள்ளே இருந்தது மீனல்ல. ஏறக்குறைய 6,000 கிலோ மெத்தபெட்டமைன்! கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளிலே 2024இல் பிடிபட்ட சரக்கு மட்டும் 236 டன் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகம் கணக்குச் சொல்கிறது. பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு? சரக்கு மலிய மலிய விலை இறங்கும். விலை இறங்க இறங்க அது மாநகரத்து மாளிகையை விட்டுச் சிற்றூரின் பேருந்து நிறுத்தத்துக்கு வரும். எந்த வாணிகத்துக்கும் பொருந்தும் விதி இது. பேளுக்குறிச்சிச் சந்தையிலே கடை போட்டவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, இது எத்தகைய பொருள்? கஞ்சாவைப் போலக் கிறக்கம் தருவதில்லை. அபினைப் போல உறக்கத்தில் ஆழ்த்துவதில்லை. விழிக்க வைக்கும். பசியை மறக்கடிக்கும். களைப்பை விரட்டும். மூளையிலே இன்ப உணர்ச்சிக்குக் காரணமான டோபமின் என்னும் சுரப்பை, அணை உடைந்த வெள்ளம் போலப் பெருகச் செய்யும். வெள்ளம் வடிந்த பிறகோ வெறும் சேறு. சோர்வும் எரிச்சலும், எவரைப் பார்த்தாலும் ஐயமும் வரும். தொடர்ந்து உட்கொள்பவர்க்குச் சித்தம் கலங்குவதும் உண்டு: இல்லாத குரல் கேட்கும், பெற்ற தாயே பகைவராகத் தெரிவாள்.

இதனை முதன்முதலிலே வடித்தவர் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி, ஆண்டு 1893. அரை நூற்றாண்டு கழித்து இரண்டாம் உலகப் போரிலே, ஜெர்மன் படைவீரனுக்குப் ‘பெர்விட்டின்’ என்றும், ஜப்பானிய வீரனுக்கும் ஆயுதத் தொழிற்சாலையின் இரவுத் தொழிலாளிக்கும் ‘ஹிரோப்பான்’ என்றும் இது வழங்கப்பட்டது. தூங்காமல் கொல்லவும், தூங்காமல் உழைக்கவும்! போர் முடிந்தது, கிடங்கிலே எஞ்சிய மாத்திரைகள் தெருவுக்கு வந்தன, தோற்றுப்போன, வேலையற்ற, வீடிழந்த மக்களிடையே அவை பரவின. 1951இல் ஜப்பான் சட்டம் கொண்டுவந்தது. 1954 ஒரே ஆண்டிலே 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. கடுந்தண்டனை ஒரு காரணம்; மருத்துவமும் ஊர்தோறும் நடந்த பிரசாரமும் இன்னொரு காரணம். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் ஜப்பானிலே தொழிற்சாலைகள் மீண்டும் திறந்தன, இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பொருளின் பிறவிக் குணம் இதிலே விளங்குகிறது. களியாட்டத்துக்காக மட்டும் தேடப்படும் போதையல்ல இது. உடலின் எல்லையைத் தாண்டி உழைக்க நேர்ந்தவனைத் தேடிவரும் போதை. தாய்லாந்திலே இதன் மாத்திரைக்கு முதலில் ‘குதிரை மருந்து’ என்றுதான் பெயர். நெடுந்தொலைவு வண்டி ஓட்டுபவர்களும் கூலித் தொழிலாளிகளும் கண் மூடாமலிருக்க அதனை விழுங்கினர். 1996இல் அந்நாட்டு அமைச்சரே அதற்குப் ‘பித்து மருந்து’ என்று பெயரை மாற்றினார்.

லாரிக்குப் பெயர் பெற்ற மாவட்டம் நாமக்கல். இங்கே வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது சக்கரத்தோடு பிழைப்பவர். நம் ஓட்டுநர்கள் இதனை உட்கொள்கிறார்கள் என்று பழி சுமத்தவில்லை; அப்படிச் சொல்ல எவரிடமும் சான்றில்லை. ஆனால் முதலாளி குறித்த நேரத்துக்குள் கல்கத்தாவையோ கௌஹாத்தியையோ எட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியிலே, மூன்றாம் இரவும் கண் விழிக்கிற ஒருவனிடம், ‘இதைப் போட்டுக்கொள், தூக்கம் வராது’ என்று எவனோ ஒருவன் நீட்டும் கை எவ்வளவு எளிதாக வெற்றி பெறும் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. அந்தச் சட்டம் பிறகு 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. எட்டு மணி என்ற எண் மட்டும் ஏட்டிலே நிற்கிறது. நெடுஞ்சாலையிலே நிற்கிறதா என்று ஓட்டுநரைக் கேளுங்கள். போதை ஒழிப்பு என்று பேசத் தொடங்குகிறவர் உழைப்பு நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பாரானால், அவர் பாதிதான் பேசுகிறார்.

இனி, இந்தப் பேச்சின் நடுநாயகமான செய்திக்கு வருவோம்.

அபின் வகைப் போதையிலே வீழ்ந்தவர்க்கு மருந்து உண்டு. பியூப்ரெனார்பின், மெத்தடோன் என்பவை அந்த ஏக்கத்தைத் தணித்து மனிதனை நிலைநிறுத்துகின்றன. மதுவுக்கு அடிமையானவர்க்கும் துணை மருந்துகள் சில உண்டு. மெத்தபெட்டமைனுக்கோ, அதன் பிடியிலிருந்து விடுவிக்கும் என்று ஏற்கப்பட்ட மருந்து உலகிலே இன்றுவரை கிடையாது! கலங்கிய சித்தத்தை மருத்துவமனை தணிக்கலாம், உறக்கத்தைத் தரலாம், உடலைத் தேற்றலாம். அதன் பிறகு அவனை மீட்டெடுப்பதாகக் கண்டறியப்பட்டவை எல்லாம் மனிதர் மனிதர்க்குச் செய்கிற காரியங்கள்தாம். வாரந்தோறும் உட்கார்ந்து பேசுதல்; போதையின்றிக் கழித்த ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு பரிசு தந்து ஊக்குதல்; வேலை; நண்பர்; வழுக்கி விழுந்தால் முகஞ்சுளிக்காமல் மறுபடியும் கைகொடுத்தல்.

ஆகவே தொண்டர் பணி என்பது இங்கே அரசாங்க முயற்சிக்குச் சூட்டப்படும் மாலையல்ல. மருந்து இல்லாத நோய்க்கு மனிதரே மருந்து. நோயோ ஓராண்டில் தீருவதன்று. எய்ம்ஸ் கணக்கெடுப்பே இன்னொன்றும் சொல்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களிலே 38 பேருக்கு ஒருவர்தான் எந்த விதமான சிகிச்சையையும் பெறுகிறார், பிற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களிலே 20 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் எங்கே? வீட்டின் உள்ளறையிலே. ஊர் அறியக்கூடாது என்று தாழிட்ட கதவுக்குப் பின்னே. அந்தக் கதவைத் தட்டுவது யார், எப்படித் தட்டுவது என்பதுதான் கேள்வி.

தொண்டர்கள் தெருவிலே இறங்குவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1921இல் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, ஆண்கள் சிறை சென்ற பிறகு நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்று அதனை நடத்திய வரலாறு நம் ஏடுகளிலே பலமுறை எழுதப்பட்டது. 1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். அன்று கொல்லிமலையும் அதன் அடிவாரமும் அந்தச் சேலம் மாவட்டத்துக்குள்தான் அடங்கியிருந்தன. எனவே போதை தடுப்பு என்ற சோதனையின் முதல் களங்களில் இதுவும் ஒன்று. பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்த அந்த விலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டு, மறுபடி வந்து, மறுபடி போன கதை நீண்டது. அதற்குள் புக வேண்டாம். ஒன்று மட்டும் போதும். தடை போட்டவுடன் கடை மறைந்தது. குடி மறையவில்லை, மலைக்கு ஏறிற்று.

அதன் விலையை 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே கண்டோம். மெத்தனால் கலந்த சாராயம் 65 உயிர்களுக்கு மேல் குடித்தது. நகரின் நடுவே, நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தொலைவில் இருக்க, அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் தெரியாதா? தெரியும். ஏன் ஊர் பேசவில்லை? பேசினால் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். கூடிப் பேச ஓர் இடமும், கூட நிற்கப் பத்துப் பேரும் இல்லாத ஊரிலே சட்டம் எவ்வளவு கடுமையானாலும் பயன் சிறிதே.

அந்தப் பத்துப் பேர் கிடைத்த ஊரும் உண்டு. ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்திலே தூபகுண்டா என்றொரு சிற்றூர். 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கத்து இரவு வகுப்புகளிலே எழுத்துக் கற்க வந்த ஏழைப் பெண்கள், பாடத்திலே தம் வீட்டுக் கதையையே கண்டு, 1992இல் சாராயக் கடையை ஊரை விட்டே விரட்டினர். அந்தத் தீ மாவட்டம் தாண்டி மாநிலத்தைப் பற்றிக்கொண்டது. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்ய நேர்ந்தது. இதிலே வியப்புக்குரியது கடை மூடியதன்று. படிக்க வந்த இடத்திலே பேச்சுப் பிறந்ததே, அதுதான். எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு கூரை இல்லாதிருந்தால், அந்தப் பெண்கள் தத்தம் வீட்டு இருளிலேயே அழுதிருப்பார்கள்.

வடகிழக்கு எல்லையிலும் அப்படித்தான். மணிப்பூரிலே 1970களில் தாய்மார்கள் இரவு நேரத்தில் விளக்கேந்தி ஊரைச் சுற்றிவந்து குடிக்கெதிராகக் காவல் நின்றனர். பின்னாளில் ‘மெய்ரா பைபி’ என்று பெயர் பெற்ற இயக்கத்தின் மூலம் அதுவே. மிசோரத்திலே, 1935இல் தோன்றிய இளைஞர் மிசோ சங்கத்துக்கு ஊர்தோறும் கிளை. மியான்மரிலிருந்து மாத்திரையாகவும் படிகமாகவும் மெத்தபெட்டமைன் உள்ளே வருகிற அந்த எல்லையிலே, அதன் தொண்டர்கள் இன்றும் விழித்திருக்கிறார்கள்.

ஆயினும் தோழர்களே, தொண்டர் படை என்றவுடன் நம்மவர் சிலருக்குத் தடி நினைவுக்கு வரும். ‘நாலு பேரைக் கட்டி வைத்து உதைத்தால் ஊர் திருந்தும்’ என்று தேநீர்க் கடையிலே முழங்குகிற வீரர்களை நாம் அறிவோம். அவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதையைச் சற்றுக் கேட்க வேண்டும்.

அங்கே மெத்தபெட்டமைனுக்குப் பெயர் ‘ஷாபு’. 2016இல் ஆட்சிக்கு வந்த ரொட்ரிகோ டுட்டர்டே, அதனை ஒழிக்கப் போலீசாருக்கு ஒரு திட்டம் தந்தார். பெயர் ‘டோக்காங்’. அந்நாட்டு மொழியொன்றிலே ‘தட்டு’, ‘மன்றாடு’ என்னும் இரு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. வீட்டுக் கதவைத் தட்டி, ‘இதை விட்டுவிடு’ என்று மன்றாடிக் கேட்பதாம்! எவ்வளவு இனிய பெயர்! யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதற்கு ஊராட்சிகளிலே பட்டியல் தயாராயிற்று. அண்டை வீட்டான் அண்டை வீட்டான் பெயரைக் கொடுத்தான். நிலத் தகராறு, பழைய பகை, வாங்கிய கடன் எல்லாம் அந்தப் பட்டியலிலே புகுந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்? மன்றாட வந்த கை துப்பாக்கியோடு வந்தது. போலீஸ் கணக்கின்படியே 6,000 பேருக்கு மேல் மாண்டனர்; மாண்டவர்கள் பெரும்பாலும் குடிசைவாசிகள். ஷாபு ஒழிந்ததா? இல்லை. 2025 மார்ச்சிலே அந்த டுட்டர்டே கைதாகி, மனித குலத்துக்கு எதிரான குற்றம் புரிந்தார் என்ற வழக்கிலே ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாய்லாந்திலும் 2003இல் மூன்றே மாதங்களில் 2,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர்க்குப் போதைப்பொருளோடு எவ்விதத் தொடர்பும் இல்லை என்று பின்னர் அமைந்த விசாரணைக் குழு கண்டது.

அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறோம்: நம் கிளைத் தோழர் எவரும் பட்டியல் எழுதக்கூடாது. எந்த ஊரில் எவன் உட்கொள்கிறான் என்று ஒரு தாள்கூட நம் படிப்பகத்து மேசையிலே இருக்கக்கூடாது. சாதிகள் தெருத்தெருவாகப் பிரிந்து வாழும் நம் ஊர்களிலே, அத்தகைய தாளில் முதலில் ஏறுவது யாருடைய பிள்ளையின் பெயராக இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மலையிலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் இளைஞன் சந்தைக்கு இறங்கினால், அவன் தோளிலே தொங்கும் பையை உருட்டிப் பார்க்கும் உரிமையை நமக்கு எவரும் தரவில்லை. மிளகும் பலாவும் கொண்டுவருகிற அவனை ஐயத்தோடு பார்ப்பது தொண்டு ஆகாது.

அடிப்பதை விட்டால் அச்சுறுத்தலாமே என்பார் வேறு சிலர். சிதைந்த முகமும் கொட்டிய பல்லுமாகப் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினால் இளைஞர் நடுங்குவர் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலே 2005 தொடங்கி அப்படித்தான் செய்தார்கள். மெத்தபெட்டமைனுக்கெதிராகத் திரும்பிய பக்கமெல்லாம் கோரக் காட்சிகள், வானொலியிலே அலறல். பெரும்பணம் செலவாயிற்று, புகழும் குவிந்தது. பின்னர் நிதானமாக ஆராய்ந்தவர்கள், அந்த விளம்பரத்தினால் பழக்கம் குறைந்ததற்குச் சான்று காணவில்லை. காரணம் எளிது. படத்திலே பார்த்த கோரத்தைத் தன் நண்பனிடத்தில் காணாத இளைஞன், ‘இவர்கள் சொல்வதெல்லாம் பொய்’ என்று ஒரே நொடியில் முடிவு கட்டிவிடுகிறான். அதன் பிறகு நாம் சொல்லும் மெய்யும் அவன் காதில் ஏறாது. நம் பள்ளிகளிலே உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி நடத்துகிறார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டிலே அது ஓர் இயக்கமாகவே நடந்துவருகிறது. நடக்கட்டும். ஆனால் கைநீட்டி உறுதி கூறிய அந்தப் பிள்ளை மாலை நான்கரை மணிக்கு எங்கே போகிறான்? அந்தக் கேள்விக்கு விடையில்லாத பேரணி, வெயிலிலே பிள்ளைகளை வாட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

ஐஸ்லாந்து என்னும் குட்டித் தீவு நாடு அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளிலே நூற்றுக்கு 42 பேர், முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியிருந்தனர். அந்த நாடு விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் ஒதுக்கிற்று. பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு வார இறுதி இரவுகளிலே தெருவிலே நடந்தனர். தடி இல்லை, பட்டியல் இல்லை; ‘நேரமாயிற்று, வீட்டுக்குப் போ’ என்று சொல்ல ஒரு பெரியவர் தெருவிலே இருந்தார், அவ்வளவே. 2016இல் அந்த 42, 5 ஆகக் குறைந்தது. பணக்கார நாடு, சின்ன நாடு. நமக்கும் அதற்கும் ஒப்பு ஏது என்று கேட்கலாம். தெருவிலே நடப்பதற்குப் பணம் தேவையா?

நம் நாட்டு எடுத்துக்காட்டே வேண்டும் என்பார்க்குத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியைச் சொல்வோம். சென்னையிலே 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார், ஏழைக் குடிநோயாளி சென்னைக்கு வரமாட்டான் என்று கண்டு, 1989இல் அந்தக் கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுசென்றனர். ஊரார் இடம் தந்தனர். உணவுக்கு வழி செய்தனர். யாருக்கு உதவி தேவை என்று வீடு வீடாகப் போய் அன்போடு அழைத்துவந்தனர். கூடவே மனைவியும் தாயும் வந்து அமர்ந்தனர். முன்னொரு முகாமிலே மீண்டவர், அடுத்த முகாமிலே தொண்டராக வந்து நின்றார். மதுவுக்காக அமைந்த முறைதான் அது. ஆனால் மெத்தபெட்டமைனுக்கு வேண்டிய ‘மருந்து’ எதுவோ, அது முழுவதும் அந்த முறைக்குள்ளே இருக்கிறது. ஊரறிய வெட்கமின்றி வந்து உட்கார ஓர் இடம். திரும்பிப் போனபின் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஊர்.

பேளுக்குறிச்சித் தோழர்களும், அவர்களைப் போன்ற அடிவாரத்து ஊர்த் தோழர்களும் செய்யத்தக்கது என்ன? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்திலே நம் சிற்றூர்களில் படிப்பகங்கள் இருந்தன. கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நான்கு நாளேடு. மாலையானால் ஒருவர் உரக்க வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவரும் சுற்றி அமர்ந்து கேட்பார். அரசியல் மட்டுமா அங்கே பேசப்பட்டது? யார் வீட்டிலே அடுப்பு எரியவில்லை, யாருடைய மகன் ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில, தலைவர் பிறந்த நாளுக்கு மட்டும் திறக்கின்றன. மாலை நான்கரைக்கு அவற்றைத் திறந்து வைத்தால், கேரம் பலகையும் போட்டித் தேர்வுப் புத்தகமும் வாங்கிப் போட்டால், பள்ளி முடிந்த பிள்ளைக்கும் வேலை தேடும் இளைஞனுக்கும் போவதற்கு ஓர் இடம் உண்டாகும். ஓட்டம் முடிந்து வந்த லாரி ஓட்டுநர் இரண்டு நாள் உறங்கி எழுந்தபின் வந்து உட்கார்ந்து, வழியிலே யார் என்ன நீட்டினார்கள் என்று பேசட்டும். பெண்கள் வருவதற்கென்று தனிப் பொழுது வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கதவைத் தட்டப் போகிறவர் சட்டமும் சிறிது அறிந்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி மெத்தபெட்டமைனிலே 50 கிராம் என்பது வாணிக அளவு. பத்தாண்டுக்குக் குறையாத கடுஞ்சிறை. 2 கிராம் வரை சிறு அளவு. அதே சட்டத்தின் 64அ பிரிவு, அடிமையாகிவிட்ட ஒருவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்திலே சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்காக அவர் மீது வழக்குத் தொடராமல் காக்கிறது. இந்தப் பிரிவு இருக்கிறது என்பதை அறியாமலேதான் எத்தனையோ பெற்றோர் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அஞ்சுகின்றனர். அதனை எடுத்துச் சொல்வதற்கே ஒரு தொண்டர் படை தேவை. நாமக்கல்லிலே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலத்துப் பெரிய மருத்துவமனையும் தொலைவில் இல்லை. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியிலே பேசி வழி கேட்கலாம். போகிற முதல் நாள் உடன் போவதற்கு ஆள் வேண்டும். பேருந்துச் செலவுக்குப் பணம் வேண்டும். அன்றைய கூலி போனதே என்று வீட்டார் வாடாதிருக்க அரைப்படி அரிசி வேண்டும். மூன்றாம் மாதம் அவன் மறுபடியும் வழுக்கினால், ‘நாங்கள் சொன்னோமே’ என்று சொல்லாத நாக்கும் வேண்டும்.

விற்பவன் விஷயம் வேறு. அவனைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. தகவல் தருவது குடிமகனின் கடமை. நம் தோழர்கள் செய்யவேண்டியது அதைவிடச் சிறிது. ஆனால் அதைவிடக் கடினமானது. விற்றவன் பிடிபட்ட இரவிலே, அவன் உறவினர் முதலில் ஓடிவருவது வழக்கறிஞர் வீட்டுக்கன்று. கறைவேட்டி கட்டிய ஒருவர் வீட்டுக்குத்தான். ‘நம்ம ஆளு, ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்பார்கள். தேர்தலிலே சுவரெழுதியவன், பந்தலுக்குப் பணம் கொடுத்தவன், சாதிக்காரன், மைத்துனன் மகன் என்று ஏதாவதொரு கயிறு இருக்கும். அந்த ஒரு வார்த்தை எத்தனை ஊர்களிலே எத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது என்பது, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் தெரியும். அத்தகைய ஊரிலே, பாதிக்கப்பட்ட தாய் நம் கொடி கட்டிய தொண்டருக்குக் கதவைத் திறக்கமாட்டாள். திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, அடுத்த கிளைக் கூட்டத்திலே இரண்டு தீர்மானங்கள் வரட்டும். போதைப்பொருள் விற்ற வழக்கிலே எவருக்காகவும் இக்கிளையின் பொறுப்பாளர் எவரும் காவல் நிலையத்துக்குப் போகவோ தொலைபேசியிலே பேசவோ மாட்டார். மீறினால் பொறுப்பு பறிபோகும். இது முதலாவது. படிப்பகத்தை நாள்தோறும் மாலை நான்கரைக்குத் திறக்கும் பொறுப்பு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு பேருக்கு, பெயர் சொல்லிப் பிரித்துத் தரப்படுகிறது. இது இரண்டாவது. நிறைவேற்றியபின் இரண்டையும் எழுதிப் படிப்பகத்துச் சுவரிலேயே ஒட்டுங்கள், ஊரார் வாசிக்கும்படி.